மரப் பீப்பாயில் செடி வளர்ப்பு: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் வீட்டுத் தோட்டத்துக்கான பெரிய தொட்டிகளைப் பற்றி எழுதியபோது, பாதியாக அறுத்த மரப் பீப்பாய்களையும் சேர்த்துக் குறிப்பிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றி அமைந்திருந்தன: மண்ணோடும் நீரோடும் கிடக்கும் மரம் எத்தனை காலம் தாங்கும்? அந்தக் கவலைக்கு விடை தரும் கேள்விகளைத் தேர்ந்தெடுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: பழைய பொருள்கள் விற்கும் கடையில் ஓர் ஓக் மர அரைப் பீப்பாயை வாங்கினேன். உடனே செடி வைக்க இயலாததால், கோடை முழுவதும் அது மொட்டை மாடியில் வெறுமனே கிடந்தது. இப்போது பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்துவிட்டது. இரும்பு வளையங்களும் நழுவி அடியில் கிடக்கின்றன. இதை விறகுக்குத்தான் போட வேண்டுமா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: வேண்டாம். உங்கள் பீப்பாய் கெட்டுப்போகவில்லை, காய்ந்துதான் போயிருக்கிறது. பீப்பாயின் பலகைகளை ஆணியோ பசையோ பிடித்து நிறுத்துவதில்லை. ஈரத்தை உறிஞ்சிய பலகை அகலவாக்கில் உப்பிப் பக்கத்துப் பலகையை நெருக்குகிறது. அந்த நெருக்கம் வெளியே போகாதபடி இரும்பு வளையம் இறுக்கிப் பிடிக்கிறது. இந்த இரண்டு விசைகளும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும் வரையில்தான் அது பீப்பாய். மரம் வற்றிச் சுருங்கியவுடன் அது வெறும் பலகைக் கட்டாகிவிடுகிறது. ஆகவே பீப்பாய் வைத்திருக்கும் எவரும் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, மற்ற மரச் சாமான்களை ஈரத்திலிருந்து காப்பது போல இதையும் காக்கக் கூடாது என்பதே. இதற்கு ஈரம்தான் கட்டு.

சீர்செய்வது கடினமான வேலையன்று. அரைப் பீப்பாயின் வாய் அகலம், அடி குறுகல். அதனால்தான் தளர்ந்த வளையங்கள் கீழ்நோக்கி நழுவின. பீப்பாயை வாய் தரையில் படும்படி கவிழ்த்து வையுங்கள். ஒரு தட்டையான மரக்கட்டையை வளையத்தின் விளிம்பில் வைத்துச் சுத்தியலால் சுற்றிலும் சிறிது சிறிதாகத் தட்டி, வளையத்தை அகன்ற பக்கத்துக்கு இறக்குங்கள். ஓரிடத்தில் மட்டும் ஓங்கி அடித்தால் வளையம் கோணிக்கொள்ளும். பிறகு நனைத்த சாக்குகளை உள்ளும் புறமும் சுற்றி, காயாமல் பார்த்துக்கொண்டால், இரண்டு மூன்று நாளில் இடைவெளிகள் குறைவதைக் கண்ணால் காணலாம். அதன்பின் நிமிர்த்தி நீர் நிரப்புங்கள். முதலில் ஒழுகும்; ஒழுக ஒழுக ஊற்றினால் ஓரிரு நாளில் ஒழுக்கு நிற்கும். வாயைத் துணியால் இறுகக் கட்டிவைக்க மறக்க வேண்டாம், ஏனெனில் நீர் தேங்கும் நாள்கள் கொசுவுக்கும் வசதியான நாள்களே.

பலகைகள் இறுகியபின், ஒவ்வொரு வளையத்திலும் நான்கு இடங்களில் துளையிட்டு, பலகையின் கனத்தைத் தாண்டாத சிறு திருகாணிகளை முடுக்கிவிடுங்கள். இனி எப்போதாவது மரம் சுருங்கினாலும் வளையம் நழுவாது. அடியில் வடிகால் துளைகளை இதற்குப் பிறகே இட வேண்டும்.

உட்புறம் முழுவதும் பிளாஸ்டிக் தாள் ஒட்டிவிட்டால் மரம் நெடுநாள் உழைக்கும் என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. ஓக் பீப்பாய்க்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மண்ணின் ஈரம் பலகைக்குப் போகாமல் தாள் தடுத்துவிடும். வெளியே நம் ஊர் வெயில் பலகையைக் காய்ச்சும். மீண்டும் வளையம் தளரும். பயிர் முடிந்த இடைக்காலத்திலும் மண்ணை எடுத்துவிடாமல் கீரையோ தட்டைப்பயறோ விதைத்து நீர் விட்டுவாருங்கள்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் நான்கு அரைப் பீப்பாய்கள் வைக்க இசைவு பெற்றிருக்கிறேன். அடியில் ஜல்லி பரப்பி, மேலே செம்மண் நிரப்பலாம் என்று எண்ணுகிறேன். சரியா? (வாசகர், சென்னை)

பதில்: இரண்டுமே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முதலில் எடையைக் கணக்கிடுவோம். வழக்கமான ஓக் பீப்பாய் ஏறத்தாழ 200 லிட்டர் கொள்ளும். அரைப் பீப்பாயில் சுமார் 100 லிட்டர் மண் பிடிக்கும். நன்கு நனைந்த செம்மண் லிட்டருக்கு 1.7 கிலோவுக்குக் குறையாது. ஆக மண் மட்டுமே 170 கிலோ. பீப்பாயின் மரம் 20 கிலோவுக்கு மேல். செடியும் வளர்ந்துவிட்டால் ஒன்று 200 கிலோவை நெருங்கும். இந்திய தர நிர்ணய விதி ஐ.எஸ். 875, ஆட்கள் நடமாடும் தட்டையான கூரைக்குக் கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ. பீப்பாயின் அடியோ கால் சதுர மீட்டர் அளவுதான். ஒரு பீப்பாயால் தளம் விழுந்துவிடாது, சுமை பக்கங்களுக்கும் பரவும் என்பது உண்மையே. ஆனால் நான்கையும் அறையின் நடுப்பகுதிக்கு மேலே கூட்டமாக வைப்பது தவறு. உத்திரமும் சுவரும் ஓடும் இடங்களைக் கட்டட வரைபடத்தில் பார்த்து, அவற்றின் மேலே ஒவ்வொன்றாகப் பிரித்து வையுங்கள். கட்டடம் பழையது என்றால் பொறியாளர் ஒருவரைக் கேட்காமல் வைக்கவே வேண்டாம்.

செம்மண்ணுக்குப் பதிலாக, மக்கிய தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு என்று கலந்தால், நனைந்த நிலையிலும் 100 லிட்டர் கலவை சுமார் 100 கிலோதான் இருக்கும். நார்க்கழிவுக் கட்டிகளில் உப்பு தங்கியிருக்கக்கூடும் என்பதால், இரண்டு மூன்று முறை நீரில் ஊறவைத்துப் பிழிந்தபின் கலக்குங்கள். முதல் ஆண்டில் கலவை மக்கி ஒரு சாண் வரை இறங்கும். மேலே சேர்த்துக்கொண்டே வர வேண்டும்.

இனி ஜல்லி. அடியில் ஜல்லியோ ஓட்டாஞ்சில்லோ பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கை. உண்மையில் நடப்பது வேறு. நனைந்த பஞ்சைக் கூழாங்கற்களின் மேல் வைத்தால் பஞ்சிலுள்ள நீர் தானாகக் கல்லுக்கு இறங்குவதில்லை. அதுபோலவே, நுண்ணிய மண் தன்னால் இயன்ற அளவு நீரைப் பிடித்து நிரம்பிய பிறகே பெரிய இடைவெளிகள் உள்ள ஜல்லிக்குள் நீரை விடும். ஆகவே எப்போதும் ஈரம் தேங்கி நிற்கும் அடுக்கு, பீப்பாயின் அடியிலிருந்து ஜல்லியின் உயரத்துக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடுகிறது. வேருக்கான ஆழம் குறைகிறது, எடை கூடுகிறது, பயன் ஒன்றுமில்லை. விரல் கனத்தில் ஆறு முதல் எட்டுத் துளைகள் இட்டு, மண் போகாதபடி ஒரு நைலான் வலைத் துண்டை அவற்றின் மேல் விரித்தாலே போதும். பீப்பாயை மூன்று செங்கற்களின் மேல் நிறுத்துங்கள். அடியில் காற்று ஓடினால் மரமும் பிழைக்கும், தட்டோடு பதித்த தளமும் பிழைக்கும்.

கேள்வி: எங்கள் ஊரில் பீப்பாய் கிடைப்பதில்லை. தச்சரிடம் சொல்லி அதே வடிவில் மரத்தொட்டி செய்துகொள்ள விரும்புகிறேன். எந்த மரம் ஏற்றது? பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகள் மலிவாகக் கிடைக்கின்றன. கரையான் தொல்லையும் உண்டு. (வாசகர், மதுரை)

பதில்: ஸ்லீப்பர் கட்டைகளைத் தொட வேண்டாம். அவை மக்காமலிருக்கக் கிரியோசோட் எனும் தார் எண்ணெய் ஏற்றப்பட்டவை. வெயிலில் அந்த எண்ணெய் கசியும். அது வேருக்கும் ஆகாது, உண்ணும் காய்கறிக்கும் ஆகாது. செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்தேற்றிய, பச்சை சாயல் படிந்த பலகைகளையும் தவிர்த்துவிடுங்கள். சரக்குப் பெட்டிகளைப் பிரித்த பலகை என்றால் அதிலுள்ள முத்திரையைப் பாருங்கள். பன்னாட்டு விதிப்படி, வெப்பமூட்டிப் பதப்படுத்திய மரத்தில் ‘எச்.டி.’ என்றும், மெதில் புரோமைடு புகை செலுத்திய மரத்தில் ‘எம்.பி.’ என்றும் ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். முன்னதை எடுக்கலாம், பின்னதை விட்டுவிடுங்கள்.

என் தேர்வு தேக்கு, அதுவும் வைரம் பாய்ந்த, அதாவது மரத்தின் நடுவே கெட்டிப்பட்ட பகுதி. தேக்கு என்றாலே கரையான் தொடாது என்று எண்ணிக்கொண்டு வெளிறு எனும் வெளிப்புற மென்பகுதி மிகுந்த பலகையை வாங்கி ஏமாறுவோர் பலர். எண்ணெய்ப்பசையும் எதிர்ப்பாற்றலும் வைரத்துக்கே உரியவை. பழைய வீடுகளை இடிக்கும் இடங்களில் கிடைக்கும் தேக்குச் சட்டங்கள் இதற்கு மிகப் பொருத்தம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், இழைத்து நீக்கச் சொல்லுங்கள். இழைப்பவர் முகத்தைத் துணியால் மூடிக்கொள்ளட்டும், சீவலை உரக்குழியில் கொட்ட வேண்டாம். மா, ரப்பர் மரங்கள் ஈரத்தில் விரைவில் இற்றுவிடும்.

தச்சர் திருகாணியால் இணைக்கும் தொட்டி, உப்பி இறுகும் பீப்பாயைப் போன்றதன்று. ஆகவே கோவை வாசகிக்கு வேண்டாம் என்று சொன்னதை உங்களுக்கு வேண்டும் என்றே சொல்கிறேன்: பக்கங்களில் மட்டும் கனமான பாலித்தீன் தாளை அடித்து, அடியைத் திறந்து விடுங்கள். வெளிப்புறத்துக்கு முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் பூசலாம். உத்திரங்களுக்கும் படகுகளுக்கும் பூசிப் பழகிய எண்ணெய்தான் அது. தோலில் பட்டால் புண்ணாக்கும், கையுறை இன்றித் தொடாதீர்கள், தொட்டியின் உட்புறம் பூசாதீர்கள். கரையானுக்கு உயரமே முதல் மருந்து. செங்கல்லின் மேல் தொட்டி நின்றால், கரையான் மண்கோடு போட்டுத்தான் ஏற முடியும். அது கண்ணில் படும், கையால் சுரண்டிவிடலாம்.

கேள்வி: மது இருந்த பீப்பாயில் துளசி வைக்கலாமா? செடிக்குத் தீங்கு வருமா? (வாசகி, சேலம்)

பதில்: செடிக்குத் தீங்கில்லை. இரண்டு முறை நீர் நிரப்பிக் கொட்டினால் எஞ்சிய மது போய்விடும். உள்ளே கரிந்திருக்கும் படலத்தைச் சுரண்ட வேண்டாம். அது மதுவுக்கு நிறமும் மணமும் தருவதற்காக வேண்டுமென்றே எரிக்கப்பட்டது, வேருக்கு அது இடையூறு செய்யாது. ஆனால் வழிபடும் துளசிக்கு மனம் ஒப்பும் இடமே இடம். அதற்கு அவ்வளவு ஆழமும் தேவையில்லை. துளசியை மாடத்திலேயே வைத்துக்கொண்டு, பீப்பாயை ஆழம் கேட்கும் செடிக்குக் கொடுங்கள்.

கேள்வி: அரைப் பீப்பாயில் நட்ட எலுமிச்சையின் புதுத்தளிர்கள் மஞ்சளாக வருகின்றன, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. ஆழ்குழாய்க் கிணற்று நீர்தான் ஊற்றுகிறேன். இலைகளைப் புழுவும் தின்கிறது. வேறு எந்த மரங்கள் பீப்பாயில் காய்க்கும்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: விடையின் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தளிரில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருப்பது இரும்புச் சத்துக் குறைவின் அடையாளம்; இலை சிறுத்து நெருக்கமாக வந்தால் துத்தநாகமும் குறைவு. மண்ணில் இந்தச் சத்துகள் இல்லை என்று பொருளன்று. காரத்தன்மை மிகுந்த ஆழ்குழாய் நீரைத் தொடர்ந்து ஊற்றும்போது, இருக்கும் சத்தையும் வேரால் எடுக்க முடிவதில்லை. நிலத்தில் நின்ற மரம் வேரை வேறு பக்கம் நீட்டித் தப்பித்துக்கொள்ளும். பீப்பாயில் நிற்பதற்கு நீங்கள் ஊற்றுவதே கதி. மண்ணின் மேலும் பலகையின் வாய்விளிம்பிலும் வெண்மையான உப்புப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மழைநீரைச் சேமித்து, அடித்துளைகள் வழியே தாராளமாக வடியும் வரை ஒருமுறை ஊற்றிக் கழுவிவிடுங்கள். லிட்டர் நீருக்கு துத்தநாக சல்பேட் 5 கிராம், இரும்பு சல்பேட் 5 கிராம் கரைத்து, மாலை நேரத்தில் இலைகள் நனையத் தெளிக்கலாம். இது உடனடி உதவி மட்டுமே. நீரை மாற்றாமல் தெளிப்பை மட்டும் நம்பினால் அடுத்த தளிரும் மஞ்சளாகத்தான் வரும்.

புழுவைப் பொறுத்தவரை, இலையின் மேல் பறவை எச்சம் போல் பழுப்பும் வெள்ளையுமாக ஒட்டிக்கொண்டிருப்பதை உற்றுப் பாருங்கள். அதுவே எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் இளம்புழு. வளர்ந்தபின் இலையின் பச்சை நிறத்துக்கு மாறிவிடும். விரலால் தொட்டால் தலைக்குப் பின்னிருந்து செந்நிறக் கொம்பு இரண்டை நீட்டிக் கடுமையான மணம் வீசும். ஒரு பீப்பாய்ச் செடிக்கு மருந்து தேவையில்லை, காலையில் கையால் பொறுக்கி அகற்றினாலே போதும்.

விதைக்கன்றைக் காட்டிலும் பதியன் கன்று விரைவில் காய்க்கும். மாதுளை, அத்தி, கறிவேப்பிலை, குட்டை ரகப் பப்பாளி ஆகியவை பீப்பாய்க்கு ஏற்றவை. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 செடிமுருங்கையும் வளரும். முக்கால் மீட்டர் உயரத்தில் நுனியைக் கிள்ளிப் பக்கக்கிளை விடச் செய்யுங்கள். மாவும் பலாவும் ஆசைக்கு வைக்கலாமே தவிர, நிறைய காய்களை எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: முழுப் பீப்பாயின் பக்கங்களில் துளையிட்டு ஸ்ட்ராபெரி வளர்ப்பதைப் படத்தில் பார்த்தேன். எங்கள் வீட்டிலும் செய்ய இயலுமா? (வாசகி, குன்னூர்)

பதில்: உங்கள் ஊர்க் குளிருக்கு நன்றாகவே வரும். ஐரோப்பியத் தோட்டங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் முறைதான் இது. துளைகளை அகலமான பலகைகளின் நடுவில் மட்டும் இடுங்கள். இரு பலகைகள் சேரும் கோட்டில் இட்டால் பீப்பாயின் இறுக்கம் அங்கே அறுந்துவிடும். துளை நான்கு சென்டிமீட்டர் அகலம், ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளி, வரிசைக்கு வரிசை மாற்றி மாற்றி. வளையங்களை ஒட்டி வேண்டாம்.

இம்முறையில் பெரும்பாலும் தோற்றுப்போவது நீர் விடுவதில்தான். மேலே ஊற்றும் நீர் மேல்வரிசைக்கு மட்டும் எட்டும், கீழ்வரிசைகள் காய்ந்து கருகும். அதனால் மண் நிரப்புமுன், அடி அடைத்து உடல் முழுவதும் சிறு துளையிட்ட பி.வி.சி. குழாய் ஒன்றை நடுவில் நிறுத்தி, அதற்குள்ளேயே நீரை ஊற்றுங்கள். மண்ணை ஒவ்வொரு வரிசை உயரத்துக்கும் நிரப்பி, நாற்றின் வேர் உள்ளேயும் குருத்து வெளியேயும் இருக்குமாறு வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போங்கள். குருத்து மண்ணில் புதைந்தால் அழுகிவிடும். வெயில் படாத பக்கத்துத் துளைகளில் புதினா வைக்கலாம்; அது அடங்காமல் பரவினால் அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும்.

கேள்வி: துளையிடாத அரைப் பீப்பாயில் அல்லி வளர்க்க ஆசை. டெங்குக் கொசு வருமோ என்று வீட்டில் அஞ்சுகிறார்கள். (வாசகர், நாகர்கோவில்)

பதில்: அச்சம் நியாயமானது, தீர்வும் எளிது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான சுவரில் முட்டையிடும். அந்த முட்டை நீரின்றிக் காய்ந்தும் பல மாதங்கள் உயிரோடிருந்து, நீர் ஏறியவுடன் பொரிக்கும். சொரசொரப்பான மரம் அதற்கு மிகவும் ஏற்ற இடம். எனவே நீரை மாற்றினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்க்கும் தூரிகையால் வாரம் ஒருமுறை நீர்மட்டத்தை ஒட்டித் தேய்க்க வேண்டும். கப்பி மீன்கள் சில விட்டால் புழுக்களைத் தின்றுவிடும். மிகுந்த மீன்களைக் குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடாதீர்கள், அங்குள்ள மீன்களுக்கு அவை போட்டியாகிவிடும்.

ஓக் மரம் தொடக்கத்தில் நீரைத் தேநீர் நிறமாக்கும். நிறம் தெளியும் வரை சில முறை நீரை மாற்றியபின் மீன் விடுங்கள். அல்லிக் கிழங்கைக் களிமண் நிரப்பிய மண்சட்டியில் நட்டு உள்ளே இறக்குங்கள். ஐந்தாறு மணி நேரமாவது வெயில் வேண்டும். ஆவியாகும் நீரை அன்றன்று நிரப்பி வாய்வரை வைத்திருந்தால் பலகையின் மேல்விளிம்பும் சுருங்காது.

கேள்வி: இங்கே பூக்கடைகளில் விஸ்கி அரைப் பீப்பாய்கள் எளிதாகக் கிடைக்கின்றன. கறிவேப்பிலையை அதில் நட்டால் பனிக்காலத்தை எப்படிக் கடப்பது? (வாசகி, டொராண்டோ)

பதில்: அங்கே எளிதாகக் கிடைப்பதற்கு ஒரு சட்டமும் காரணம். அமெரிக்காவில் போர்பன் விஸ்கியைப் புதிய, உட்புறம் கரிய எரித்த ஓக் கலன்களில்தான் வைக்க வேண்டும் என்பது விதி. ஒருமுறை பயன்படுத்தியதை மீண்டும் போர்பனுக்கு எடுக்க முடியாது என்பதால், அவை மற்ற மதுவகைகளுக்கும் கடைசியில் தோட்டங்களுக்கும் வந்து சேர்கின்றன.

கறிவேப்பிலையை நேரடியாகப் பீப்பாயில் நடாதீர்கள். மண்ணோடு அதைத் தூக்கி உள்ளே கொண்டுவர ஒருவராலும் இயலாது. 30 முதல் 40 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு, அந்தத் தொட்டியைப் பீப்பாயின் மண்ணுக்குள் விளிம்பு வரை இறக்கி வையுங்கள். சுற்றியுள்ள இடத்தில் கோடையில் வெண்டையோ கத்தரியோ போடலாம். இரவு வெப்பம் 10 பாகை செல்சியசை நெருங்கும்போது, செப்டம்பர் முடிவதற்குள், தொட்டியை மட்டும் உருவி எடுத்துத் தெற்கு நோக்கிய சன்னலருகே வையுங்கள். தொட்டியின் அடித்துளை வழியே வெளியே ஓடிய வேர்களை வெட்டிவிடலாம், செடி தாங்கும்.

உள்ளே வந்ததும் இலைகள் கொஞ்சம் உதிரும். அதைக் கண்டு மிகுதியாக நீர் ஊற்றுவதே இச்செடிகள் சாவதற்குப் பெரிய காரணம். மேல்மண் இரண்டு விரற்கடை காய்ந்தபின் மட்டும் ஊற்றுங்கள், உரம் இடாதீர்கள். கணப்பின் வறண்ட காற்றில் சிலந்திப்பேன் பெருகும். இலைகளின் அடிப்பக்கத்தை வாரந்தோறும் நீரால் கழுவுங்கள். வெளியே நிற்கும் பீப்பாயின் அடித்துளைகள் அடைபடாமலும், செங்கல்லின் மேல் உயர்ந்தும் இருக்கட்டும், இல்லையெனில் தேங்கிய நீர் உறைந்து விரிந்து அடிப்பலகையைப் பிளக்கக்கூடும். மண்ணைக் கொட்டிவிடாமல் உதிர்ந்த இலைகளால் மூடிவையுங்கள். மே மாதக் கடைசியில் இரவுகள் 10 பாகைக்கு மேல் நிலைத்தபின், செடியை ஒரு வாரம் நிழலில் வைத்துப் பழக்கிவிட்டு மறுபடி பீப்பாய்க்குள் இறக்கலாம். நேராக வெயிலில் வைத்தால் இலைகள் வெளுத்துக் கருகும்.